ஊசிக்குப் பின் பதினைந்து நிமிடம்



மூக்குக் குத்தும்போது வெளிவரும் ரத்தம் ஒரு சொட்டு. பலருக்கு அதுவும் வருவதில்லை. ரத்ததான முகாமில் ஒருவரிடமிருந்து எடுப்பதோ 350 மில்லி. எடை கூடுதலாக இருந்தால் 450. ஆனாலும் நகைக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குக் குத்திக்கொண்ட பெண்ணும், முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்த வாலிபரும் ஒரே மாதிரி வெளுக்கிறார்கள், ஒரே மாதிரி வியர்க்கிறார்கள், ஒரே மாதிரி சரிகிறார்கள். ஊசியைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில், அது தோலில் படுவதற்கு முன்பே விழுந்தவர்களும் உண்டு. போன ரத்தத்தை வைத்து மயக்கத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது.

கடையில் கூடி நிற்பவர்கள் மட்டும் உடனே காரணம் சொல்லிவிடுவார்கள். "காலையில சாப்பிட்டிருக்க மாட்டா." "உடம்புல ரத்தமே இல்ல." "காது நரம்புல பட்டுடுச்சு." "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மனசுல தெம்பு கிடையாது." முதல் இரண்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றாவது பெரும்பாலும் தவறு. ஆனால் சுவையான தவறு, அதன் பின்னால் போனால் ஒரு நோபல் பரிசு வரை போகலாம். நான்காவது முழுக்கத் தவறு.

நடப்பதை நடக்கும் வரிசையிலேயே பார்க்கலாம். குத்துவதற்கு முன் இதயம் படபடக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, ரத்த அழுத்தம் சற்று ஏறுகிறது. இது எல்லாருக்கும் நடப்பதுதான். குத்தி முடித்து, திருகாணியை முறுக்கி, கண்ணாடியைக் கையில் கொடுத்து "பாருங்க, எப்படி எடுப்பா இருக்கு" என்று கடைக்காரர் சொல்லும் நேரத்தில்தான் சிலருக்கு எல்லாம் தலைகீழாகிறது. வேகமாக ஓடிய நாடி சட்டென்று மந்தமாகிறது. கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக் குழாய்கள் பிடிப்பை விட்டுத் தளர்கின்றன. ரத்தம் கீழேயே தேங்கிவிடுகிறது. கொட்டாவி வருகிறது, குமட்டுகிறது, உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கிறது. பக்கத்தில் பேசுபவரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. பிறகு கண் இருட்டுகிறது.

கண் முதலில் இருட்டுவதற்குக் காரணம் உண்டு. விழிக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் இருக்கிறது. அதை எதிர்த்துத்தான் ரத்தம் விழித்திரைக்குள் நுழைய வேண்டும். உடம்பின் ரத்த அழுத்தம் இறங்கும்போது மூளைக்கு முன்னால் விழித்திரைக்குத்தான் தட்டுப்பாடு வருகிறது. அதனால் பார்வை மங்கிய பிறகும் சில நொடிகள் காது கேட்கும், புத்தியும் வேலை செய்யும். அந்தச் சில நொடிக்குள் தரையில் உட்கார்ந்துவிட்டவருக்கு அடிபடுவதில்லை. "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சமாளித்துக்கொண்டு கல்லாவை நோக்கி நடப்பவர்தான் கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுகிறார்.

மூளை, உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. கையிருப்பு என்று அது எதையும் வைத்துக்கொள்வதில்லை. 1943இல் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் மனிதர்களின் கழுத்தில் காற்றடைக்கும் பட்டையைக் கட்டி, மூளைக்கான ரத்த ஓட்டத்தைச் சில நொடிகள் நிறுத்திப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. ஐந்து முதல் பத்து நொடிக்குள் நினைவு தப்பியது. நகைக்கடையில் நடப்பது அவ்வளவு முழுமையான தடை இல்லை என்றாலும், அளவு குறைந்தாலே மூளை விளக்கை அணைத்துவிடும்.

இந்தத் தலைகீழ் மாற்றத்தை மருத்துவம் புரிந்துகொள்ள ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு பிடித்தது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். எந்த நோய்க்கும் சிரையைக் கீறி ரத்தம் வடிப்பது வழக்கமாக இருந்த காலம். அப்படி வடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி மயங்கினார். சிரையிலிருந்து வரும் ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; மயங்கிக் கிடந்தவரின் சிரையிலிருந்து வந்ததோ பளிச்சென்ற செந்நிறம். ஹன்டர் அதைக் குறித்து வைத்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1794இல் வெளியான அவருடைய நூலில் அது இருக்கிறது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

விளக்கம் 1944இல் வந்தது. போர்க்கால லண்டனில், தாமாக முன்வந்தவர்களிடமிருந்து ரத்தத்தை வடித்து, அவர்கள் மயங்கும் தறுவாயில் முன்கையில் ஓடும் ரத்தத்தை அளந்தார்கள். ரத்தம் குறையும்போது உடம்பு சிக்கனமாகி, தசைகளுக்குப் போவதைச் சுருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மயக்கம் வந்த கணத்தில் தசைக்குப் போகும் ரத்தம் கூடியது. குழாய்கள் அகலத் திறந்து, ரத்தம் ஆக்சிஜனைக் கொடுக்க நேரமில்லாமல் தசை வழியே பாய்ந்து சிரைக்கு வந்துவிடுகிறது. ஹன்டர் பார்த்த செந்நிறம் அதுதான்.

இடையில் 1932இல் சர் தாமஸ் லூயிஸ் இன்னொரு முடிச்சை அவிழ்த்திருந்தார். இதயத்தை மந்தமாக்குவது வேகஸ் என்ற நரம்பு. மூளைத் தண்டிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், குடல் வரை அலையும் நரம்பு. மயங்கியவருக்கு அட்ரோபின் மருந்து கொடுத்து அந்த நரம்பின் வேலையை லூயிஸ் தடுத்தார். நாடி ஏறியது. ஆனால் ஆள் அப்படியே வெளுத்துக் கிடந்தார், அழுத்தமும் ஏறவில்லை. ஆக, இதயம் மந்தமாவது பாதிக் கதைதான், குழாய்கள் தளர்வது மறுபாதி. இரண்டையும் சேர்த்து அவர் வைத்த பெயரைத்தான் இன்றும் மருத்துவர்கள் 'வேசோவேகல்' மயக்கம் என்கிறார்கள்.

மனத்தெம்பு பற்றிப் பேசுபவர்களுக்கு இங்கேதான் பதில். இது அனிச்சைச் செயல். கண்ணில் தூசு படும்போது இமை மூடுவதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை. வயதில் இளையவர்கள், ஆரோக்கியமானவர்கள், முதல் முறை ஊசியைச் சந்திப்பவர்கள் ஆகியோரிடம்தான் இது அதிகம், குடும்பத்திலும் ஓடும். ஊசி, ரத்தம், காயம் ஆகியவற்றைக் கண்டு அஞ்சுபவர்களின் பயம் மற்ற பயங்களிலிருந்து வேறுபட்டது. பாம்பைப் பார்த்துப் பயப்படுபவருக்கு நாடி ஏறும், ஏறிய இடத்திலேயே நிற்கும். அவர் ஓடுவாரே தவிர மயங்குவது அபூர்வம். ஊசிப் பயத்தில் மட்டும் நாடி ஏறி, பிறகு குப்புற விழுகிறது.

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் இந்த வேறுபாட்டிலிருந்து ஒரு வைத்தியத்தையே உருவாக்கினார். மற்ற பயங்களுக்கு மருத்துவர்கள் உடம்பைத் தளர்த்தப் பழக்குவார்கள். ஊசிப் பயத்தில் பிரச்சினையே உடம்பு தளர்வதுதானே? மேலும் தளர்த்தினால் அழுத்தம் மேலும் இறங்கும். ஆகவே 1980களில் ஓஸ்ட் நேர்மாறாகச் சொன்னார்: இறுக்கு. கை, கால், உடற்பகுதித் தசைகளை 10 முதல் 15 விநாடி, முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை இறுக்க வேண்டும். பிறகு 20, 30 விநாடி விட்டுவிட வேண்டும். ஐந்து முறை. குத்தப்போகும் இடத்தை மட்டும் இறுக்காமல் விட்டுவிடலாம். இறுகிய தசைகள் கால்களில் தேங்கும் ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளுகின்றன, அவ்வளவுதான் சூட்சுமம்.

அடிக்கடி மயங்குபவர்கள் 223 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. கால்களைக் குறுக்காகப் பின்னி இறுக்குவது, கைகளைக் கோத்து எதிரெதிரே இழுப்பது போன்ற பயிற்சிகளைக் கற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே மறுபடி மயக்கம் வந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு வந்தது. மாத்திரை கிடையாது, செலவு கிடையாது. ஆனாலும் மூக்குக் குத்தப்போகும் பெண்ணிடம் நாம் சொல்வது என்ன? "நல்லா மூச்சை இழுத்து விடும்மா, உடம்பைத் தளர்வா வச்சுக்கோ." நல்லெண்ணத்தில் சொல்லும் இந்த வாக்கியத்தின் இரு பாதிகளும் ஆபத்து. வேகவேகமாக ஆழ மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போன்ற மதமதப்பு வந்து தலை கிறுகிறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். நீரிழிவு மருந்து எடுக்காத ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு வேளை பட்டினியால் சர்க்கரை மயங்கும் அளவுக்கு இறங்குவது அரிது. ஆனால் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காத உடம்பு, வெயிலில் நின்ற களைப்பு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து அந்த அனிச்சைச் செயலுக்கு வாசல் திறந்துவிடும். ரத்த வங்கிகள் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வது சடங்குக்காக அல்ல. அரை மணி நேரத்துக்குள் குடித்த தண்ணீர் மயக்கத்தைக் குறைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். காது குத்தப் போகிறவருக்கும் அதே விதி.

"உடம்புல ரத்தம் இல்ல" என்பதையும் ஒதுக்க முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஊசி எடுத்த இரண்டாம் நிமிடத்தில் விழுவதற்கு அது காரணமாகாது. அடுத்த சில வாரமும் படியேறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது என்றால், மூக்குத்தியைக் கழற்றி வைப்பதில் பயனில்லை, ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும்.

மயங்கியவரைச் சுற்றி நடப்பதுதான் பல சமயம் மயக்கத்தைவிடக் கவலைக்குரியது. ஆள் சரிந்தவுடன் நான்கு கைகள் நீளும். தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், வாயில் சோடாவை ஊற்றுவார்கள். கை கால் லேசாக வெட்டினால், "வலிப்பு!" என்று யாராவது கத்துவார், ஸ்கூட்டர் சாவி கைக்குள் திணிக்கப்படும். பெர்லினில் தாமஸ் லெம்பர்ட்டும் சக மருத்துவர்களும் ஆரோக்கியமானவர்களை அவர்கள் சம்மதத்துடன் மயங்க வைத்துப் படம் பிடித்து 1994இல் வெளியிட்டார்கள். முழுதாக நினைவு தப்பிய மயக்கங்களில் பத்துக்கு ஒன்பதில் கை கால் வெட்டியது. பெரும்பாலோருக்குக் கண்ணும் திறந்தே இருந்தது, விழி மேலே செருகியது. சாதாரண மயக்கம் அப்படித்தான் இருக்கும். அதில் வெட்டுவது சில நொடி; முழு மயக்கமும் ஒரு நிமிடத்துக்குள் முடியும்; எழுந்தவர் தான் எங்கிருக்கிறோம் என்று உடனே சொல்வார். வலிப்பு நோயில் வெட்டு நீளும், தெளிவு வர நேரமாகும்.

இரும்புச் சாவியால் தீமை எதுவும் இல்லை. அந்த நேரத்தை அது தின்பதுதான் தீமை. தூக்கி உட்கார வைப்பதோ நேரடித் தீங்கு. கீழே விழுவது உடம்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம்: படுத்தால் இதயமும் தலையும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன, ரத்தம் மேடு ஏற வேண்டியதில்லை. அந்த வைத்தியத்தைப் பாசத்தோடு தடுப்பவர்கள் மூளைக்கு ரத்தம் போகாத நேரத்தை நீட்டுகிறார்கள். செய்ய வேண்டியது எளிது. சமதரையில் படுக்க வைத்து, கால்களை ஒரு பை மேலோ நாற்காலி மேலோ உயர்த்தி வைக்க வேண்டும். கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முழு நினைவு வரும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தெளிந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் படுக்கை, பிறகு உட்கார்தல், அதன் பிறகே எழுதல்.

இனி அந்த மூன்றாவது குரல்: "காது நரம்புல பட்டுடுச்சு." காதுக்கும் தலைசுற்றலுக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரிந்திருப்பதால் எழும் சந்தேகம் இது. உடம்பின் நிலையை உணர்த்தும் உறுப்பு உட்காதில்தான் இருக்கிறது. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள். ஆனால் தோடு போடும் இடத்திலிருந்து அது எங்கே இருக்கிறது? காது மடலைத் தாண்டி, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள துவாரத்தைத் தாண்டி, செவிப்பறையைத் தாண்டி, நடுக்காதையும் தாண்டி, மண்டையோட்டிலேயே கடினமான எலும்பின் உள்ளே. ஆசாரியின் ஊசி எவ்வளவு தவறினாலும் அங்கே போகாது.

நரம்பு என்று பார்த்தால், வேகஸ் நரம்பின் ஒரு சின்னக் கிளை காதின் குழிவுக்கும் துவாரத்துக்கும் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிக் ஆர்னால்டின் பெயரால் அது அறியப்படுகிறது. காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். இந்தக் கிளையைச் சாக்காக வைத்துத்தான், காதின் உள்மடிப்புக் குருத்தெலும்பில் வளையம் போட்டால் ஒற்றைத் தலைவலி தீரும் என்ற நம்பிக்கை சில ஆண்டுகளாகப் பரவியிருக்கிறது. அதை நிரூபிக்கும் முறையான மருத்துவச் சோதனை இல்லை. மயக்கத்துக்கும் இந்தக் கிளை அவசியமில்லை என்பதற்கு எளிய சான்று: தொப்புளில் குத்தியவரும், நாக்கில் குத்தியவரும், கையில் தடுப்பூசி போட்டவரும் அதே மாதிரிதான் விழுகிறார்கள்.

ஆனால் காது குத்தியவருக்கு உண்மையான சுழற்சி, அதாவது அறையே சுற்றுவது, வேறு வழிகளில் வரலாம். ஒரு வழி தண்ணீர். வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாராணி, நோயாளிகளின் காதைக் கழுவும்போது அவர்கள் தலை சுற்றுகிறது என்று முறையிடுவதைக் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமும் விழி துடித்தது. உடல் வெப்பத்தில் இருந்தால் ஒன்றும் இல்லை. காதுத் துவாரத்தில் படும் குளிர்ச்சி, உட்காதின் குழலில் உள்ள திரவத்தை நகர்த்துகிறது. தலை சுழல்வதாக மூளை ஏமாறுகிறது. இதை வைத்து உட்காதைச் சோதிக்கும் முறையைக் கண்டதற்காக அவருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவின் போர்க்கைதி முகாமில் இருந்தார். ஆஸ்திரிய ராணுவ மருத்துவராகப் போய்ப் பிடிபட்டவர் அவர். ஸ்வீடன் இளவரசர் தலையிட்ட பிறகே வெளியே வந்தார். புதிதாகக் குத்திய மேல்காதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உப்பு நீரால் கழுவி, அது துவாரத்துக்குள் ஓடிவிட்டால், பாராணியின் சோதனையைத் தானே செய்துகொண்டதாகிவிடும். ஓரிரு நிமிடம் அறை சுற்றும். பஞ்சில் நனைத்துத் துடைப்பதும், நீர் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு எடுப்பதும் போதும்.

இன்னொரு வழி, குத்தும்போதும் குத்திய பிறகும் தலையை வைத்துக்கொள்ளும் விதம். உட்காதில் சுண்ணாம்புச் சத்தாலான நுண்ணிய படிகங்கள் உண்டு. வயது ஏறும்போது அவற்றில் சில உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் போய்விடும். அப்படிப்பட்டவர் தலையைப் பின்னால் சாய்த்தால், படுக்கையில் புரண்டால், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக உலகமே சுழலும். மூக்குக் குத்தத் தலையைச் சாய்க்கிறார்கள். காது குத்திய பிறகு "அந்தப் பக்கம் படுக்காதே" என்று சொல்லி வாரக்கணக்கில் ஒரே பக்கம் படுக்க வைக்கிறார்கள். ஐம்பது வயதில் இரண்டாம் தோடு போட்டுக்கொண்ட அம்மாவுக்கு மறுநாள் காலை புரளும்போது சுழன்றால், பழி தோட்டின் மேல் விழும். குற்றவாளி அந்தப் படிகம்.

இதற்குத் தீர்வு கண்டவரின் கதையும் சொல்லத் தகுந்தது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஜான் எப்லி என்ற மருத்துவர், தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படிகத்தைக் குழலிலிருந்து வெளியேற்றலாம் என்று 1980 வாக்கில் செய்து காட்டினார். சில நிமிட வேலை, மருந்து இல்லை. சக மருத்துவர்கள் நம்பவில்லை, ஏளனம் செய்தார்கள். கட்டுரை அச்சேறியது 1992இல். இன்று உலகெங்கும் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் செய்வது அந்த முறையைத்தான்.

இத்தனை வகைக் கிறுகிறுப்பையும் எப்படிப் பிரிப்பது? 1972இல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், நோயாளி தன் உணர்வை எப்படி வர்ணிக்கிறார் என்பதை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். பல்லாண்டு அது பாடமாக இருந்தது. 2007இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டேவிட் நியூமன்-டோக்கரும் உடன் பணியாற்றியவர்களும் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களிடம் அதே கேள்வியைச் சில நிமிட இடைவெளியில் திருப்பிக் கேட்டார்கள். பலர் பதிலை மாற்றிச் சொன்னார்கள். 'சுற்றுகிறது' என்றவர் 'மயக்கமாக இருக்கிறது' என்றார். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எது கிளப்பியது என்ற கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்தான் நிலையாக இருந்தன. குத்திய பதினைந்து நிமிடத்துக்குள், நிற்கும்போதோ உட்கார்ந்திருக்கும்போதோ வந்து, படுத்தால் போனால், அது ரத்த அழுத்தம். படுக்கும்போதும் புரளும்போதும் வந்து ஒரு நிமிடத்தில் அடங்கினால் படிகம். நாள்கணக்கில் காய்ச்சலோடு வந்தால் கதையே வேறு.

அந்த வேறு கதை அபூர்வம், ஆனால் இருக்கிறது. இங்கிலாந்தில் 10,503 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வந்தது. காது மடல் தவிர வேறிடத்தில் குத்திக்கொண்டவர்கள் பத்தில் ஒருவர். 16 முதல் 24 வயதுக்குள் இருந்தவர்களிடம் வீக்கம், கிருமித் தொற்று, ரத்தக் கசிவு என்று ஏதோ ஒரு தொல்லை சகஜம். மருத்துவமனையில் சேர வேண்டி வந்தது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு நகைக் கியோஸ்கில் மேல்காது குத்திக்கொண்ட 7 பேருக்குச் சூடோமோனாஸ் தொற்று உறுதியானது. கிருமிநாசினி தெளிக்கும் பாட்டிலிலேயே கிருமி குடியிருந்தது. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே புகுந்த சீழ் எளிதில் போகாது.

2003இல் பதிவான இன்னொரு சம்பவம்தான் இந்த உரையில் உண்மையாகவே பயப்பட வேண்டியது. அமெரிக்காவில் 22 வயது ஆரோக்கியமான பெண் ஒருவர் நாக்கில் குத்திக்கொண்டார். குத்திய சில நாளில் நாக்கு வீங்கிச் சீழ் வந்தது. நகையைக் கழற்றினார், சரியாகிவிட்டது. நான்கு வாரம் கழித்துத் தலைவலி, காய்ச்சல், வாந்தி, சுழற்சி. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையில் சீழ்க்கட்டி. வாயின் கிருமிகள் ரத்தம் வழியே அங்கே போயிருந்தன. ஊசியோடு வந்த மயக்கம் அல்ல இது. வாரங்கள் கழித்து, காய்ச்சலோடும் வாந்தியோடும் வந்த சுழற்சி.

கைக்குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூரில் காதுகுத்து ஒற்றைப்படை மாதங்களில் நடக்கிறது. தாய்மாமன் மடியில் குழந்தை, எதிரே ஆசாரி. குத்தியவுடன் குழந்தை வீறிட்டழும், அல்லது அழ வாய் திறந்து சத்தமே வராமல் வெளுத்துத் துவண்டுவிடும். இரண்டாவதைப் பார்த்த குடும்பம் குலதெய்வத்தையே அழைத்துவிடும். திடீர் வலியில் வேகஸ் நரம்பு குழந்தையின் இதயத்தைச் சில நொடி நிறுத்திவைப்பதால் வருவது அது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளியும், ஐந்தாறு வயதுக்குள் தானே விட்டுப்போகும். முதல் தடவை என்றால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இப்படி அடிக்கடி மூச்சடைக்கும் குழந்தைகள் பலருக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்கிறது. சத்து மருந்து கொடுத்தால் குறைகிறது. தாய்மாமன் மடி என்ற ஏற்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். நோக்கம் சீர்வரிசையாக இருந்தாலும், துவளும் குழந்தை விழாமல் அது பார்த்துக்கொள்கிறது.

பெரியவர்களுக்குத்தான் மடி இல்லை. சாய்மானம் இல்லாத ஸ்டூல், எதிரே கண்ணாடிப் பெட்டி, கீழே டைல்ஸ். அமெரிக்காவில் ஜிம் வார்டு என்பவர் 1975இல் தொடங்கிய காண்ட்லெட் நிறுவனத்தின் காலத்திலிருந்து உடலில் குத்துவதையே தொழிலாகக் கொண்ட நிலையங்கள் வளர்ந்தன; நல்ல நிலையங்களில் படுக்கை இருக்கும், படுக்க வைத்தே குத்துவார்கள். லட்சக்கணக்கில் நகை விற்கும் நம் கடைகளுக்கு ஒரு சாய்வுப் படுக்கை பெரிய செலவில்லை. கொரோனா தடுப்பூசி போட்டவர்களை அரை மணி நேரம் உட்கார வைத்த ஊர் இது. பதின்வயதினருக்குத் தடுப்பூசி போட்டால் 15 நிமிடம் உட்கார்ந்தோ படுத்தோ இருக்கச் சொல்லிக் கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. மூக்குத்திக்கும் அந்த 15 நிமிடம் பொருந்தும்.

எல்லா மயக்கமும் இப்படி எளிதில் போவதும் இல்லை. படுத்திருக்கும்போதே நினைவு தப்பினால், ஓடும்போதோ நீந்தும்போதோ தப்பினால், முன்னறிகுறி எதுவும் இல்லாமல் சட்டென்று தப்பினால், நெஞ்சு படபடத்த பிறகு தப்பினால், குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், ஊசியைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது. இதயத்தின் மின் ஓட்டத்தில் கோளாறு இருக்கலாம். ஓர் இசிஜி எடுக்க ஐந்து நிமிடம் போதும். விழுந்ததில் தலையில் அடிபட்டு, பிறகு வாந்தியோ கூடும் தலைவலியோ வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். மயங்கித் தெளிந்தவருக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி கிறுகிறுக்க வாய்ப்பு இருப்பதால், அன்றைக்கு ஸ்கூட்டியை அவர் ஓட்டவும் வேண்டாம், பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து போகவும் வேண்டாம். ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.